சஜி தாமஸ் கட்டிய விமானம்

சஜி தாமஸ் கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தொடுபுழா பக்கத்துக்காரர். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. படிப்பு 7ஆம் வகுப்போடு நின்றது. ரப்பர் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டரைப் பார்த்துத்தான் அவருக்குப் பறக்கும் ஆசை பிறந்தது. பல ஆண்டு உழைத்து, இருவர் அமரும் ‘சஜி எக்ஸ் ஏர்-எஸ்’ விமானத்தைக் கட்டினார்.

இத்தகைய இலகு விமானங்களில் அலுமினியக் குழாய்ச் சட்டத்தின் மேல் துணியை இழுத்துப் போர்த்துவார்கள். எடை குறைவு என்பதால் குறைந்த வேகத்திலேயே மேலெழும்பும். சிறிய ஓடுதளமே போதும். எஞ்சின் சத்தம் மாறுவதை வைத்தே கோளாறு கண்டுபிடிப்பது மெக்கானிக்குகளின் வழக்கம். அந்த வழி சஜிக்கு இல்லை. சற்று நின்று யோசிக்க வேண்டிய விஷயம் இது.

2014இல், திருவனந்தபுரத்துக்குக் கிழக்கே, அகத்தியமலைக்கு அப்பால் மணிமுத்தாறில், ஓய்வுபெற்ற விங் கமாண்டர் எஸ்.கே.ஜே. நாயர் சஜியின் விமானத்தை ஓட்டிப் பறந்தார்.