மீக்குறுந்துடிப்பு ஒளியிழைச் சீரொளி (கட்புல ஒளி)

கட்புல மீக்குறுந்துடிப்பு ஒளியிழைச் சீரொளி என்பது, கண்ணுக்குப் புலனாகும் ஒளியை வேண்டிய நிறத்தில் மிகக் குறுகிய துடிப்புகளாக வெளியிடும் லேசர் கருவி ஆகும். துடிப்பின் நீளம் ஏறத்தாழ 100 ஃபெம்டோநொடி. அந்நேரத்தில் ஒளி 0.03 மில்லிமீட்டர் மட்டுமே செல்லும்.

தேவை

உயிரணுக்களை ஆராயப் பயன்படும் ஒளிரும் சாயங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு நிறத்தை உட்கவர்கின்றன. ஆகவே நிறத்தை மாற்றத்தக்க ஒளிமூலம் வேண்டும். சாயச் சீரொளிகளும் டைட்டானியம்-நீலக்கல் சீரொளிகளும் பெரியவை, விலை மிக்கவை. ஒளியிழைச் சீரொளியில் ஒளி பெரும்பாலும் இழைக்குள்ளேயே செல்வதால் ஆடிகளை அடிக்கடி சரிசெய்ய வேண்டியதில்லை. அதிர்வற்ற மேசை இல்லாத சிறு நகரக் கல்லூரிக்கு இவ்வேறுபாடு பெரிது.

ஆனால் இட்டெர்பியம் கலந்த இழை சுமார் 1030 நானோமீட்டரிலும், எர்பியம் கலந்த இழை சுமார் 1550 நானோமீட்டரிலும் ஒளிர்கின்றன. இரண்டும் அகச்சிவப்பு. கனடாவின் லாவல் பல்கலைக்கழகத்தினர் 2023 இல் ஃபுளோரைடு இழையிலிருந்து நேரடியாக 635 நானோமீட்டர் ஃபெம்டோநொடித் துடிப்புகளைப் பெற்றனர். அது சிவப்பு மட்டுமே.

நிறம் மாற்றும் முறை

தென்காசி மாவட்டத்துக் குற்றால அருவியின் சாரலில் வானவில் தோன்றக் காரணம் நிறப்பிரிகை. நீரில் ஒவ்வொரு நிறமும் வெவ்வேறு வேகத்தில் செல்கிறது. கண்ணாடி இழையிலும் அவ்வாறே. குறுந்துடிப்பு ஒன்று பல அலைநீளங்களின் தொகுப்பு ஆதலால் அது வழியில் பரவி நீளும். குறுகிய அலைகள் முந்திச் செல்லும் இழையில், செறிந்த ஒளி கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணைச் சற்றே உயர்த்துவது இப்பரவலை ஈடுசெய்கிறது. வடிவம் மாறாத இத்துடிப்பு சாலிட்டான் எனப்படும்.

சாலிட்டானின் குறுகிய அலைகள் தம் ஆற்றலில் ஒரு பகுதியை நெடிய அலைகளுக்கு அளிக்கின்றன. இதனால் துடிப்பு முழுவதும் நெடிய அலைநீளத்தை நோக்கி நகர்கிறது. மிட்ச்கே, மொல்லனாயர் ஆகியோர் 1986 இல் இதனை அறிவித்தனர். திருவானைக்காவலில் பிறந்த ச. வெ. இராமன் 1928 இல் கல்கத்தாவில் கண்டறிந்த இராமன் விளைவே இதன் அடிப்படை. திறனைக் கூட்டினால் நகர்வு கூடும். எனவே நிறத்தைத் தேர்வது திறன் திருகியே எனலாம்.

சாதாரணச் சிலிக்கா இழையில் ஏறத்தாழ 1300 நானோமீட்டருக்கு மேல்தான் இது நிகழும். இட்டெர்பியம் ஒளிக்கு, நெடுகக் காற்றுத் துளைகள் கொண்ட ஒளிப்படிக இழை தேவை. அதில் 1100 முதல் 1300 நானோமீட்டர் வரை நகர்த்திய துடிப்பை லித்தியம் நியோபேட்டு போன்ற படிகத்தில் செலுத்தினால் அதிர்வெண் இரட்டிக்கும். கிடைப்பது 550 முதல் 650 வரை, அதாவது பச்சை முதல் சிவப்பு வரை. நிறம் மாறுந்தோறும் படிகத்தையும் அதற்கேற்பச் சரிசெய்ய வேண்டும்.

இந்தியாவில்

இட்டெர்பியம் கலந்த இழைகளைக் கொல்கத்தாவின் மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியுள்ளது. அகமதாபாத்தின் இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகத்தில் இட்டெர்பியம் இழைத் துடிப்புகள் அதிர்வெண் இரட்டிப்பால் பச்சை ஒளியாக மாற்றப்பட்டுள்ளன.

குறை

சாலிட்டான் தாங்கும் ஆற்றல் சிறிது. பெரும்பாலும் சில நானோஜூல் அல்லது அதற்கும் குறைவு. படிகத்தில் மேலும் இழப்பு உண்டு. நுண்ணோக்கிக்கு இது போதும். உலோகம் வெட்டப் போதாது.