சேத்ரி போனார், கோல் அடிக்க ஆள் இல்லை! இந்திய கால்பந்து அணி தவித்த கதை

இந்திய கால்பந்து அணிக்காக 19 ஆண்டுகள் ஓடியாடி கோல் அடித்த கேப்டன் சுனில் சேத்ரி, 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் 6-ந்தேதி ஓய்வு பெற்றார்.

அதன் பிறகு அந்த அணி பட்ட பாடு கொஞ்ச நஞ்சமல்ல. கோல் அடிக்க ஆள் இல்லாமல் தவித்தது. பயிற்சியாளருக்கு வேலை போனது. கடைசியில், மாலை போட்டு வழியனுப்பிய மனிதரையே திரும்பக் கூப்பிட வேண்டி வந்தது. கூப்பிட்டும் பலன் இல்லை. 2027-ம் ஆண்டு ஆசியக் கோப்பை வாய்ப்பு கை நழுவிப் போனது.

களத்தில் நிற்பது 11 பேர். அதில் ஒருத்தர் போனால் ஒரு அணியே இப்படி ஆட்டம் கண்டு விடுமா?

ஆபீசில் ஹெட்கிளார்க் ரிட்டையர் ஆன மறுநாள் எந்த பைல் எந்த பீரோவில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் எல்லோரும் முழிப்பார்களே, கிட்டத்தட்ட அதே கதைதான் இங்கேயும் நடந்தது.

ராணுவக்காரர் மகன்

சேத்ரி செகந்திராபாத்தில் பிறந்தவர். அப்பா ராணுவத்தில் வேலை பார்த்தவர். ஆள் ஒன்றும் ஆஜானுபாகு இல்லை. ஆனால் உயரமான தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே எம்பி, தலையால் முட்டி கோல் போடுவதில் கெட்டிக்காரர்.

2005-ம் ஆண்டு ஜூன் 12-ந்தேதி பாகிஸ்தானில் உள்ள குவெட்டாவில் முதல் சர்வதேச ஆட்டம். எதிரி பாகிஸ்தான். முதல் ஆட்டத்திலேயே ஒரு கோல் அடித்தார்.

2008-ம் ஆண்டு டெல்லியில் சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டம். தஜிகிஸ்தானுக்கு எதிராக தனி ஆளாக 3 கோல் போட்டார். இந்தியா 4-1 என்று ஜெயித்தது. அந்த வெற்றியால்தான் 27 ஆண்டுகளுக்குப் பிறகு, 2011-ல் ஆசியக் கோப்பையில் இந்தியா கால் வைத்தது.

காலி மைதானம் நிரம்பியது

2018-ம் ஆண்டு ஜூன் மாதம் மும்பையில் ஒரு போட்டி. சீன தைபே அணியை இந்தியா 5-0 என்று நொறுக்கியது. ஆனால் பார்க்க வந்தவர்கள் வெறும் 2,500 பேர் சொச்சம்.

சேத்ரிக்கு மனசு கேட்கவில்லை. "எங்களைத் திட்டுங்கள், கேலி செய்யுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து செய்யுங்கள்" என்ற பொருள்பட, கையெடுத்துக் கும்பிட்டு ஒரு வீடியோ வெளியிட்டார்.

அடுத்த ஆட்டம் கென்யாவுடன். அது அவருக்கு 100-வது ஆட்டம். டிக்கெட் அத்தனையும் விற்றுத் தீர்ந்தது. கொட்டும் மழையில் நனைந்து கொண்டே ஜனங்கள் பார்த்தார்கள். இந்தியா அடித்த 3 கோலில் 2 கோல் சேத்ரியுடையது.

கோல் அடிப்பது, கேப்டன் பொறுப்பு, கூட்டம் சேர்ப்பது எல்லாமே அந்த ஒரு தலையில்தான் விழுந்திருந்தது.

கொல்கத்தாவில் கண்ணீர்

2024 மே 16-ந்தேதி ஓய்வு முடிவை அறிவித்தார். விஷயத்தை வீட்டில் சொன்னபோது அப்பா நிம்மதிப் பெருமூச்சு விட்டாராம். அம்மாவும் மனைவியும் அழுது விட்டார்களாம். இதை அவரே சொன்னார்.

இன்னொன்றும் சொன்னார். நாட்டுக்கு அடுத்த 9-ம் நம்பர் ஆட்டக்காரரைப் பார்க்கும் நேரம் வந்து விட்டது என்றார். 9-ம் நம்பர் என்றால் கோல் கம்பத்துக்கு நேர் எதிரே நின்று கோல் அடிக்கிற நடு முன்கள ஆட்டக்காரர். சேத்ரி பனியனில் இருந்தது 11-ம் நம்பர். ஆனால் செய்த வேலை இதுதான்.

ஜூன் 6-ந்தேதி கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் குவைத்துடன் கடைசி ஆட்டம். ஏறக்குறைய 59 ஆயிரம் பேர் திரண்டனர். அது வெறும் வழியனுப்பு விழா அல்ல. உலகக் கோப்பை தகுதிச் சுற்று. ஜெயித்தால் அடுத்த சுற்றுக்கு வழி பிறக்கும்.

ஆனால் ஆட்டம் 0-0 என்று முடிந்தது. சக வீரர்கள் இரு பக்கமும் வரிசையாக நிற்க, சேத்ரி நடுவே நடந்து வந்தார். கைகூப்பினார். அடக்கி வைத்த அழுகை வெடித்து விட்டது.

அன்றைய கணக்கு: 151 ஆட்டம், 94 கோல். அப்போது அவரோடு அணியில் இருந்த மற்றவர்களில் ஒருத்தர்கூட தனியாக 10 கோலைத் தொட்டிருக்கவில்லை. அந்த ஒரு கணக்கிலேயே ஆபத்து தெரிந்தது.

5 நாளில் விழுந்த அடி

சரியாக 5-வது நாள். தோகாவில் கத்தாருடன் ஆட்டம். சேத்ரி இல்லை. கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து கேப்டன்.

37-வது நிமிடத்தில் சாங்தே கோல் அடித்தார். இந்தியா முன்னிலை! ஜெயித்தால் அடுத்த சுற்று நிச்சயம்.

73-வது நிமிடத்தில் நடந்ததை பட்டப்பகல் கொள்ளை என்றுதான் சொல்ல வேண்டும். பந்து கோட்டைத் தாண்டி வெளியே போய் விட்டது. கத்தார் ஆட்டக்காரர் அதைக் காலால் உள்ளே இழுக்க, இன்னொருவர் வலைக்குள் தள்ளினார். நடுவர் கோல் கொடுத்து விட்டார். வீடியோ பார்த்து முடிவு செய்யும் வசதியும் அந்த ஆட்டத்தில் இல்லை. 85-வது நிமிடத்தில் கத்தார் இன்னொரு கோல் போட்டது. 2-1. இந்தியா வெளியே!

அகில இந்திய கால்பந்து சம்மேளனம் புகார் கொடுத்தது. முடிவு மாறவில்லை.

நடுவர் செய்தது அநியாயம்தான். ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. கத்தார் அன்று இறக்கியது பெரும்பாலும் இளம் பட்டாளம். முதல் கோலுக்குப் பிறகு அரை மணி நேரத்துக்கு மேல் கையில் இருந்தது. இரண்டாவது கோலை அடிக்க ஏன் ஆள் இல்லை?

ஜூன் 17-ந்தேதி பயிற்சியாளர் ஸ்டிமாச் நீக்கப்பட்டார். ஸ்பெயின் நாட்டுக்காரர் மனோலோ மார்க்கஸ் வந்தார்.

வெற்றி இல்லாத ஆண்டு

ஆள் மாறியும் கதை மாறவில்லை. செப்டம்பரில் ஐதராபாத்தில் மொரீசியசுடன் 0-0. சிரியாவிடம் 0-3 தோல்வி. அக்டோபரில் வியட்நாமுடன் 1-1. நவம்பரில் மலேசியாவுடன் 1-1. மலேசியாவுக்கு எதிராக கோல் அடித்த ராகுல் பேகே தடுப்பாட்டக்காரர்!

2024-ல் மொத்தம் 11 ஆட்டம். வெற்றி பூஜ்யம். டிரா 5, தோல்வி 6.

பழியை எல்லாம் சேத்ரியின் ஓய்வு மீது போட முடியாது. அந்த 11-ல் முதல் 6 ஆட்டம் நடந்தபோது அவர் ஓய்வு பெறவில்லை. அப்போதும் வெற்றி இல்லை. வீட்டுச் சுவரில் விரிசல் முன்பே விட்டிருந்தது. அதை மறைத்துக் கொண்டிருந்த பெரிய பீரோவை நகர்த்தியதும் எல்லோர் கண்ணுக்கும் பளிச்சென்று தெரிந்தது. அவ்வளவுதான் சங்கதி.

மீண்டும் வந்தார்!

இதற்கிடையே 40 வயது சேத்ரி தனது கிளப்பான பெங்களூர் அணிக்காக வெளுத்து வாங்கிக் கொண்டிருந்தார். 2024-25 ஐ.எஸ்.எல். போட்டியில் 14 கோல். இந்திய ஆட்டக்காரர்களில் அவர்தான் முதலிடம். டிசம்பரில் கேரளா அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 3 கோல். வாலிபப் பசங்கள் வாய் பிளந்து பார்த்தார்கள்.

2025 மார்ச் மாதம் அழைப்பு போனது. சேத்ரியும் வந்தார். 19-ந்தேதி ஷில்லாங்கில் மாலத்தீவை இந்தியா 3-0 என்று வென்றது. 489 நாளுக்குப் பிறகு முதல் வெற்றி! மூன்றாவது கோல் சேத்ரி தலையால் முட்டியது. அது அவருடைய 95-வது கோல்.

"அண்ணன் வந்துட்டார், இனி கவலை இல்லை" என்று ரசிகர்கள் துள்ளினர். அந்த சந்தோஷம் 6 நாள்தான். ஆசியக் கோப்பை தகுதிச் சுற்றில் வங்காளதேசத்துடன் 0-0. ஜூனில் ஹாங்காங்கிடம் கடைசி நேர பெனால்டியில் 0-1 தோல்வி. மனோலோவும் மூட்டை கட்டினார்.

அடுத்து காலித் ஜமீல் பயிற்சியாளர் ஆனார். சேத்ரி இல்லாமலே மத்திய ஆசிய போட்டிக்குப் போய் 3-வது இடம் பிடித்தார். பரவாயில்லையே என்று தோன்றியது. ஆனால் அங்கே தஜிகிஸ்தானை 2-1 என்று வென்ற ஆட்டத்தில் கோல் போட்ட இருவரும் தடுப்பாட்டக்காரர்கள்! முன்வரிசை வறட்சி தீரவில்லை.

அக்டோபரில் சேத்ரி மறுபடி அணிக்குள். சிங்கப்பூரில் 1-1. அக்டோபர் 14-ந்தேதி கோவாவில் அதே சிங்கப்பூரிடம் 1-2 தோல்வி. ஆசியக் கோப்பை கதவு அடைபட்டது.

குறை எங்கே?

முன்பெல்லாம் ஒருவர் போகும்போது இன்னொருவர் தயாராக இருந்தார். கேரளத்துக்காரர் ஐ.எம்.விஜயன் ஆடிக் கொண்டிருக்கும்போதே சிக்கிமில் இருந்து பூட்டியா வந்து விட்டார். பூட்டியா 2011-ல் ஓய்வு பெற்றபோது, அவர் பக்கத்திலேயே நின்று 6 வருஷம் தொழில் கற்ற சேத்ரி இருந்தார்.

சேத்ரிக்குப் பக்கத்திலும் ஒருவர் இருந்தார். சென்னையின் அணிக்காக ஆடி நம் ஊர் ரசிகர்களுக்கு நன்கு பழக்கமான மிசோரம் வீரர் ஜேஜே. நாட்டுக்காக 23 கோல் அடித்தவர். முழங்கால் காயம் அவரை முடக்கியது. 2023-ல் தேர்தலில் நின்று எம்.எல்.ஏ. ஆகி விட்டார்.

அதற்குப் பிறகு ஏன் யாரும் வரவில்லை? ஐ.எஸ்.எல். போட்டியைப் பாருங்கள். 2014 முதல் 2025 வரை 11 சீசன். அதிக கோல் அடித்தவருக்கான தங்க ஷூ பரிசு ஒரு தடவைகூட இந்தியருக்குக் கிடைக்கவில்லை. சென்னையின் அணிக்கே 3 முறை கிடைத்தது. பிரேசிலின் எலானோ, கொலம்பியாவின் மெண்டோசா, லிதுவேனியாவின் வால்ஸ்கிஸ் வாங்கினார்கள்.

களத்தில் 4 வெளிநாட்டுக்காரர்கள் ஆடலாம் என்பது விதி. காசைக் கொட்டுகிற முதலாளிக்கு கோல் வேண்டும். அதனால் நடு முன்களத்தில் வெளிநாட்டு ஆளை நிறுத்துகிறார். நம் பையன் ஓரத்துக்குப் போகிறான். ஓடுகிறான், பந்தைக் கொண்டு போய்க் கொடுக்கிறான். முடிக்கிற வேலை இன்னொருவருக்கு. வருஷம் பூரா சரக்கு மூட்டை தூக்க மட்டும் விட்ட பையனை, தீபாவளி அன்றைக்குத் திடீரென்று கல்லாவில் உட்கார வைத்தால் எப்படிச் சமாளிப்பான்?

கிளப்புகளை மட்டும் திட்டிப் பலன் இல்லை. ஜெயிக்கத்தான் அவர்கள் கடை விரித்திருக்கிறார்கள். நம் பையன்களும் நடுவில் நின்று ஆட விதி வகுப்பது, அதற்கென்று தனிப் போட்டி நடத்துவது எல்லாம் சம்மேளனத்தின் வேலை. "அண்ணன் இருக்கார், பார்த்துக்குவார்" என்றே பல வருஷம் ஓட்டி விட்டார்கள்.

2025 நவம்பரில் சேத்ரி இரண்டாம் தடவையாக, இனி நாட்டு அணிக்கு ஆட மாட்டேன் என்று சொல்லி விட்டார். அந்த மாதம் 18-ந்தேதி டாக்காவில் வங்காளதேசத்துடன் ஆட்டம். தொடங்கிய கால் மணி நேரத்துக்குள் வங்காளதேசம் ஒரு கோல் போட்டது. மீதி இருந்த 75 நிமிடத்துக்கு மேல் இந்தியா முட்டி மோதியும் பதில் கோல் விழவில்லை. 22 ஆண்டுகளுக்குப் பிறகு வங்காளதேசத்திடம் தோல்வி.

இந்தத் தடவை திரும்பக் கூப்பிடவும் ஆள் இல்லை.