பினிலியூர் நெசவாட்டி

பிலிப்பைன்ஸ் நாட்டின் லூசோன் தீவிலே, வடமேற்குக் கரையில், இலோக்கானோ மக்கள் வாழும் வட இலோகோஸ் மாகாணம் உளது. அம்மாகாணத்துப் பினிலி என்னும் ஊரில் 1924ஆம் ஆண்டிற் பிறந்தவர் மக்தலேனா கமாயோ அம்மையார். உறவிற் பெரியவரான பெண்மணி ஒருவரிடம் தம் 16ஆம் அகவையில் நெசவு பயிலத் தொடங்கினார். மூன்றாண்டு கழிந்தபின் தந்தையார் தறி ஒன்று வாங்கிக் கொடுத்தார். அத்தறி 30 ஆண்டுகள் உழைத்தது.

இலோக்கானோ மொழியில் 'அபேல்' என்பது நெசவு, 'இனாபேல்' நெய்யப்பட்டது. 'பிலி' என்னும் அடி தெரிதற் பொருளது. அதன் முதன் மெய்யை அடுத்து 'இன்' என்னும் ஒலியைச் செருகினால் 'பினிலி' ஆகும். தெரிந்தெடுக்கப்பட்டது என்பது பொருள். நம் மொழியில் விகுதி பகுதியின் பின்னே நிற்குமேயன்றி, பகுதியைப் பிளந்து உட்புகுவதில்லை. இலக்கணம் பயிலும் மாணவர் இதனைக் குறித்துக்கொள்வாராக.

அவ்வூர்ப் பெயரோடு ஒரே அடியிற் பிறந்ததே 'பினிலியான்' என்னும் நெசவின் பெயரும். பாவிழைகளுள் வேண்டியவற்றை மட்டும் எண்ணித் தெரிந்து, மெல்லிய குச்சிகளால் உயர்த்தி, அவற்றினூடே ஊடையைச் செலுத்துவர். ஓரிழை தவறினும் பூ உருக்குலையும். 'பினாகோல்' என்பது மற்றொரு வகை. இருநிற இழைகளாலாய நேர்கோடுகளும் கட்டங்களுமே அதில் உள்ளன. வளைகோடு ஒன்றேனும் இல்லை. ஆயினும் கட்டங்களின் அளவு சிறுத்தும் பெருத்தும் வருதலால், நோக்குவார் கண்ணுக்குத் துணி நீர்ச்சுழி போலச் சுழல்கின்றது. தீய ஆவிகளை அது மயக்கி விலக்கும் என்பது அம்மக்கள் நம்பிக்கை. நான் படத்திலேதான் கண்டேன். அதற்கே என் கண் தடுமாறியது!

இவ்வளவு கணக்கும் அம்மையார் ஏட்டில் எழுதிவைத்ததன்று. கையிலும் நினைவிலுமே நின்றது. இழைக்கும் ஏட்டிற்கும் 'நூல்' என ஒரே பெயரிட்டவர் நாம். அவரிடத்தோ இழையே ஏடாயிற்று. இத்தகைய கல்வி, கற்பாரின்றேல் ஒரு தலைமுறையிலேயே மாயும்.

அதனை உணர்ந்தே போலும், பிலிப்பைன்ஸ் அரசு 1992இல் மரபுக் கலைஞரைப் போற்றும் சட்டம் ஒன்று இயற்றியது. கமாயோ அம்மையாருக்கு அவ்விருது 2012இல், 88ஆம் அகவையிற் கிடைத்தது. காலந்தாழ்ந்த சிறப்பு என்பேன். எனினும் அவ்விருதின் ஒரு கூறு என்னை மிகவும் கவர்ந்தது. வாழ்நாள் முழுதும் உதவித்தொகை உண்டு. கலையை இளையோர்க்குப் பயிற்றும் கடமையும் உண்டு. பொன்னாடை போர்த்தி, கைதட்டி, வீட்டுக்கு அனுப்பிவிடும் நம் வழக்கத்தை எண்ணிப் பார்க்கிறேன். ஆசிரியத் தொழிலில் முடி நரைத்த எனக்கு, மாணாக்கரைத் தேடித்தரும் சிறப்பே சிறப்பாகத் தோன்றுகின்றது.

அம்மையாரும் சுற்றத்துப் பெண்களுக்கும் ஊராருக்கும் பயிற்றினார். 2024இல் அவருக்கு நூறு அகவை நிறைந்தது.

நூல் பற்றிய கவலையொன்று எஞ்சுகின்றது. பருத்தி விளைத்து வீட்டிலேயே நூற்ற காலம் அங்கே பெரிதும் கழிந்தது. இன்று நெசவாளர் பலர் கடைநூலையே நம்பியிருக்கின்றனர். நெய்யும் கைக்குச் சட்டம் துணை செய்தது. நூற்கும் கைக்கு யார் துணை?