கப்பலும் ரயிலும் சேர்ந்த குளிர்நாட்டுப் பயணம்



சென்ற ஆண்டு தைப்பூசம் முடிந்த வாரம். செமிலிங்கில் பால் மரம் வெட்டி ஓய்வு பெற்ற அம்மையார் ஒருவர் பளபளப்பான ஆங்கிலப் புத்தகம் ஒன்றைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நம் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். "வாத்தியாரே, இத கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. கப்பல்ல ஏறி ரயில்ல போகணுமாம். மக பணம் கட்டப் போறா. எனக்குக் கப்பல்னாலே வயித்தக் கலக்குது" என்றார்.

அவருடைய மகள் கனடாவில் வான்கூவர் நகரில் தாதியாக வேலை பார்க்கிறார். தாய் தகப்பன் இருவரையும் அலாஸ்காவுக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்பது அவருக்கு வெகுநாள் ஆசை. புத்தகத்தை வாங்கிப் பார்த்தோம். கப்பலில் ஏழு இரவு, தரையில் ஐந்து இரவு என்று போட்டிருந்தது. இப்படிக் கடலும் நிலமும் சேர்ந்த பயணம் எப்படி நடக்கிறது, நம்மைப் போன்றவர்கள் போவதானால் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை அந்த அம்மையாருக்குச் சொன்னது போலவே இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறோம்.

கப்பல் என்றால் அவர் ஏன் பயந்தார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அவருடைய தாயார் 1937-இல், பத்து வயதில், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். அதுவும் நிலமும் கடலும் சேர்ந்த பயணம்தான். ஊரிலிருந்து நாகப்பட்டினம் வரை ரயில், அங்கே முகாமில் காத்திருப்பு, பிறகு கப்பல். பினாங்கில் இறங்கியதும் ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவல். அதற்குப் பிறகு பிறையில் ரயில் ஏறிச் சுங்கை பட்டாணி. ரஜூலா 1926-இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட கப்பல். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மேல்தளத்தில் ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. 1973 வரை நம் கடலில் ஓடிற்று. அதில் வந்த அந்தச் சிறுமி தன் பாட்டியை மறுபடி பார்க்கவே இல்லை. கப்பல் ஏறினால் திரும்ப முடியாது என்ற எண்ணம் அந்த வீட்டில் அப்படித்தான் நின்றுவிட்டது.

சரி, அலாஸ்காவுக்கு வருவோம். அது வட அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. 1867-இல் அமெரிக்கா அதை ரஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு வாங்கியது. 1959-இல்தான் அது ஒரு மாநிலமானது. பரப்பளவில் மலேசியாவைப் போல் ஐந்து மடங்கு. அவ்வளவு பெரிய நிலத்தில் சாலைகள் மிகக் குறைவு. தலைநகரான ஜூனோவுக்கே வெளியூரிலிருந்து சாலை கிடையாது. கப்பலிலோ விமானத்திலோதான் போக வேண்டும். இதனால்தான் அங்கே கப்பல் பயணம் வளர்ந்தது. ஆனால் கப்பலில் மட்டும் போனால் கரையோரத்தைத்தான் பார்க்கலாம். உள்நாட்டு மலையையும் விலங்குகளையும் பார்க்க ரயிலோ பேருந்தோ வேண்டும். ஆகவே இரண்டையும் இணைத்து விற்கிறார்கள். மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரைதான் இது நடக்கும்.

இந்தப் பயணத்தை இரண்டு விதமாகச் செய்யலாம். முதலில் கப்பல், பிறகு தரை என்பது ஒன்று. முதலில் தரை, பிறகு கப்பல் என்பது மற்றொன்று. மகள் பார்த்துவைத்திருந்தது முதல் வகை. அதை மாற்றச் சொன்னோம். காரணம் இதுதான்: தரைப் பகுதியில் தினமும் விடியற்காலையில் எழ வேண்டும், பேருந்து மாற வேண்டும், விடுதி மாற வேண்டும். கப்பலிலோ ஒரே அறை, ஒரே கட்டில். ஊர்கள்தாம் நம்மைத் தேடி வரும். வயதானவர்கள் உடம்பில் தெம்பு இருக்கும்போதே அலைச்சலை முடித்துக்கொண்டு, பிறகு கப்பலில் சாய்ந்துகொள்வது நல்லது. மேலும், கப்பல் கடைசியில் வான்கூவரிலேயே கொண்டுவந்து விடும். மகள் வீடு பக்கத்தில்தான்.

அடுத்தது விசா. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்காவுக்கும் விசா வேண்டும், கனடாவுக்கும் விசா வேண்டும். "நாங்க போறது அலாஸ்காதானே, கனடாவுல மக வீடுதானே" என்று அம்மையார் கேட்டார். ஆனால் கணக்கைப் பாருங்கள். மகள் வீட்டுக்குப் போகும்போது ஒரு முறை கனடாவுக்குள் நுழைகிறார்கள். அங்கிருந்து அமெரிக்காவுக்குள் போகிறார்கள். கப்பல் வான்கூவரில் விடும்போது இரண்டாம் முறை கனடாவுக்குள் நுழைகிறார்கள். இப்படி இரண்டு முறை நுழைவதற்கு விசா செல்லுமா என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்திலிருந்து புறப்படும் கப்பல் என்றாலும் இதே சங்கதிதான். வெளிநாட்டில் பதிவான கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது என்று 1886-இல் ஒரு சட்டம் போட்டார்கள். பெரிய உல்லாசக் கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளில் பதிவானவை. ஆகவே சியாட்டிலில் ஏறி அங்கேயே இறங்குவதானாலும் நடுவே கனடாவில் ஓர் ஊரைத் தொட்டுத்தான் தீர வேண்டும். அங்கே ஒரு மாலைப்பொழுதுதான் நிற்கும் என்றாலும் விசா விசாதான்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புத்தகத்தில் அச்சிட்டிருந்த விலை இருவருக்கும் சேர்த்து என்று அம்மையார் நினைத்திருந்தார். அது ஓர் ஆளுக்கு, அதுவும் இருவர் ஓர் அறையில் தங்கினால். விமானக் கட்டணம் தனி. கப்பல் ஊழியர்களுக்கான அன்பளிப்பு என்று நாள் கணக்கில் தலைக்கு ஒரு தொகை பிடிப்பார்கள். துறைமுகங்களில் சுற்றிப் பார்க்கும் ஏற்பாடுகளுக்கும் தனிக் காசு. சாப்பாடு மட்டும் பெரும்பாலும் கட்டணத்துக்குள் அடக்கம். மருத்துவக் காப்புறுதியை விடக் கூடாது. நோயாளியைக் கப்பலிலிருந்து மருத்துவமனைக்குத் தூக்கிப்போவது என்றால், தோட்டத்தில் முப்பது வருடம் வெட்டிச் சேர்த்ததெல்லாம் ஒரே நாளில் போய்விடும்.

இனி, குளிர். பனி என்றதும் மூச்சு உறையும் குளிரை நினைத்துக்கொள்ள வேண்டாம். கோடைகாலத்தில் ஜூனோவில் பகல் வெப்பம் 15 முதல் 18 பாகை வரை இருக்கும். கேமரன் மலையில் இரவு எப்படி இருக்குமோ, அங்கே பகல் ஏறத்தாழ அப்படி. ஆனால் பனியாற்றுக்கு எதிரே கப்பலின் மேல்தளத்தில் நிற்கும்போது காற்று ஊசிபோல் குத்தும். ஒரே ஒரு தடித்த கம்பளியைவிட, மெல்லிய உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது நல்லது. வெளியே மழைத்தண்ணீர் புகாத சட்டை கட்டாயம் வேண்டும். கெச்சிக்கான் என்ற துறைமுகத்தில் ஆண்டுக்கு 3,800 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டுகிறது. மழை நாளில் மரம் வெட்ட முடியாது என்று லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மழை புதிதல்ல. ஆனால் அந்த மழை குளிர்ந்த மழை. பருத்தித் துணி நனைந்தால் காயாது. நீரிழிவு உள்ளவர்கள் பாதத்துக்குக் கம்பளிக் காலுறை போட வேண்டும். மரத்துப்போன காலில் புண் வந்தாலும் தெரியாது. இவற்றுக்காகப் புதுக் கடைக்குப் போக வேண்டியதில்லை. சுங்கை பட்டாணி பண்டல் கடையில் அம்மையாருக்கும் அவர் வீட்டுக்காரருக்கும் நல்ல ஜாக்கெட்டுகள் மலிவாகவே கிடைத்தன.

ஜூன் கடைசியில் அவர்கள் புறப்பட்டுப் போனார்கள். திரும்பி வந்து சொன்னவற்றில் சிலவற்றைச் சொல்கிறோம்.

வான்கூவரிலிருந்து விமானத்தில் ஃபேர்பேங்க்ஸ் போய் இறங்கினார்கள். அந்த ஊரில் ஜூன் 21-ஐ ஒட்டிய நாட்களில் சூரியன் நள்ளிரவு தாண்டித்தான் மறைகிறது. விடிகாலை மூன்று மணிக்குள் மறுபடி எழுந்துவிடுகிறது. நடுவிலும் முழு இருட்டு இல்லை. நமக்கு ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறையச் சமம் அல்லவா? நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறோம். பூமி சாய்ந்து சுழல்வதால், வடகோடி கோடையில் சூரியனை நோக்கியே நிற்கிறது. "தூங்கப் போனா வெயில், எழுந்தா வெயில், பிரட்டுக்குப் போற நேரமே தெரியல" என்றார் வீட்டுக்காரர். ஜன்னல் திரையை இழுத்து மூடித் தூங்கப் பழக வேண்டியதாயிற்று. கொசு உண்டு. நம் கொசுவைவிடப் பெரியது என்பது அவர் கட்சி.

அங்கிருந்து டெனாலி தேசியப் பூங்கா. வட அமெரிக்காவிலேயே உயரமான மலை அங்கே இருக்கிறது, 6,190 மீட்டர். நம் ஜெராய் மலை 1,217 மீட்டர். ஐந்து ஜெராய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். 2015-இல் டெனாலி என்ற பூர்வகுடிப் பெயரை அமெரிக்க அரசு அதற்குத் திரும்பக் கொடுத்தது. 2025-இல் மெக்கின்லி என்று மறுபடி மாற்றிவிட்டது. பூங்காவின் பெயர் மாறவில்லை. அந்த மலை பெரும்பாலும் மேகத்துக்குள் இருக்கும். கோடையில் மூன்று நாளில் ஒரு நாள் தெரிந்தால் அதிகம். அவர்கள் இருந்த இரண்டு நாளும் தெரியவில்லை. இதைப் போகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. காசு கொடுத்தும் காட்டவில்லை என்று வருத்தப்படுவதில் பயன் இல்லை. அம்மையார் வருத்தப்படவில்லை. "மழக்காலத்துல ஜெராயும்தான் மூடிக்கும்" என்றார்.

சங்கடம் வேறிடத்தில் வந்தது. இத்தகைய பயணங்களில் பெரிய பெட்டியை நேரே கப்பலுக்கு அனுப்பிவிடும் வழக்கம் உண்டு. தரையில் இருக்கும் நாட்களில் அது கைக்கு வராது. வீட்டுக்காரரின் நீரிழிவு மாத்திரைகள் அந்தப் பெட்டிக்குள் போய்விட்டன. பெட்டியில் கட்டிய அட்டையில் எழுதியிருந்ததை இருவரும் கவனிக்கவில்லை. பக்கத்துச் சிற்றூரில் மருத்துவ நிலையத்தைத் தேடி, மகளுக்குத் தொலைபேசியில் பேசி, மாத்திரை வாங்குவதற்குள் ஒரு பகல் முழுவதும் போயிற்று. மருந்தும் கடப்பிதழும் எப்போதும் கைப்பையில் இருக்க வேண்டும். மருந்தின் பெயரை எழுதிய மருத்துவர் சீட்டும் கூடவே இருக்கட்டும். நேரக் கணக்கும் குழப்பும். நம் ஊரில் காலை எட்டு மணி என்றால் அலாஸ்காவில் முந்தின நாள் மாலை நான்கு மணி. எந்த வேளை மாத்திரையை எப்போது போடுவது என்று புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

டெனாலியிலிருந்து ரயில். சீவர்ட் துறைமுகத்தையும் ஃபேர்பேங்க்ஸையும் இணைக்கும் அந்தப் பாதை 1923-இல் முடிந்தது. 750 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கூரையிலும் கண்ணாடி வைத்த பெட்டிகள். நாள் முழுவதும் ஓடி, விட்டியர் துறைமுகத்துக்கு முன்னால் மலையைக் குடைந்த நான்கு கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் நுழைகிறது. அந்தச் சுரங்கம் ஒரே வழிதான். ரயிலும் மோட்டார் வண்டிகளும் முறை வைத்துக்கொண்டு அதிலேயே போகின்றன. தண்டவாளத்தின்மேல் கார் ஓடுவதை அம்மையார் நம்மிடம் இரண்டு தடவை சொன்னார். சுரங்கத்தை விட்டு வெளியே வந்தால் கப்பல் நிற்கிறது.

கப்பலைப் பார்த்ததும் கால் எழவில்லையாம். ஏறிய முதல் இரவு திறந்த கடலில் சற்று ஆடியிருக்கிறது. இஞ்சி மிட்டாய் வாயில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டார். பிறகு தீவுகளுக்கு நடுவே உள்வழியாகப் போகும்போது கடல் குளம்போல் இருந்திருக்கிறது. தலை சுற்றும் என்று பயப்படுபவர்கள் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவில் அறை கேட்க வேண்டும். ஆட்டம் அங்கேதான் குறைவு.

பயணத்தின் உச்சம் பனியாற்று வளைகுடா. பல நூறு ஆண்டுகளாக விழுந்த வெண்பனி தன் பாரத்தாலேயே அமுங்கிக் கட்டியாகி, மலையிலிருந்து மெல்ல நகர்ந்து கடலுக்கு வருகிறது. அதுதான் பனியாறு. அமுங்கிய பனி வெளிச்சத்தின் சிவப்பை விழுங்கிவிடுவதால் நீலமாகத் தெரிகிறது. பெரிய கப்பல்கள் ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் உள்ளே போகக் கூடாது. கரையில் கட்டவும் கூடாது. மார்ஜரி என்ற பனியாற்றுக்கு எதிரே கப்பல் இயந்திரத்தைத் தணித்து நிற்கிறது. பனிச்சுவர் தண்ணீருக்கு மேல் 75 மீட்டர் உயரம். அதிலிருந்து வீடு அளவு துண்டு பெயர்ந்து விழுவது முதலில் கண்ணுக்குத் தெரியும். இடிபோன்ற சத்தம் சற்றுப் பிந்தித்தான் காதுக்கு வரும். ஒலி ஒரு விநாடிக்கு 340 மீட்டர்தானே போகிறது.

1794-இல் வான்கூவர் என்ற மாலுமியின் ஆட்கள் வந்தபோது அங்கே வளைகுடாவே இல்லை எனலாம். வாசல் வரை பனி அடைத்திருந்தது. 1916-க்குள் அது கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. அதற்கு முன், 1700-களில், பனி முன்னேறி வந்தபோது அங்கே குடியிருந்த திலிங்கித் மக்கள் ஊரை விட்டுப் போக வேண்டியதாயிற்று. அவர்களுடைய குலத்தார் கூடும் வீடு ஒன்று 2016-இல்தான் அந்தக் கரையில் மறுபடி எழுந்தது. இதைக் கேட்டதும் அம்மையார் வெகுநேரம் பேசவில்லை. அவர் பிறந்த லயம் இருந்த இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது.

ஸ்காக்வே துறைமுகத்தில் இன்னொரு ரயில் உண்டு. 1896-இல் கனடாவின் குளோண்டைக்கில் தங்கம் கிடைத்ததும் ஆயிரக்கணக்கானவர்கள் ஆளுக்கு ஒரு டன் சாமானைச் சுமந்துகொண்டு அந்த மலையை ஏறினார்கள். அந்தப் பாதையில் 1898-இல் தொடங்கி 1900-க்குள் ரயில் போட்டார்கள். தண்டவாள அகலம் 914 மில்லிமீட்டர். நம் நாட்டு ரயில் பாதையைவிடக் குறுகியது. கணவாயின் உச்சி 873 மீட்டர், நம் ஜெராயைவிடத் தாழ்வு. ஆனால் பக்கத்துப் பள்ளத்தைப் பார்க்க முடியாமல் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டாராம்.

அந்தப் பளபளப்புப் புத்தகத்தை அம்மையார் நம் பள்ளி அலமாரிக்கே கொடுத்துவிட்டார். எந்தப் பெட்டி கப்பலுக்குப் போகும், எது கையில் இருக்கும், எத்தனை மணிக்கு எந்த மாத்திரை என்று ஓரங்களில் தமிழில் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறார். வேண்டியவர்கள் பள்ளி நேரத்தில் வந்து பார்க்கலாம்.