ஸ்கூபா பயணம்: எந்தக் கடல், எந்த மாதம்?

தூத்துக்குடி முத்துக்குளிப்பில் பருவமே முதல் கணக்கு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தென்மேற்குக் காற்று கிளம்புவதற்குள், கடல் தெளிந்திருக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் குளியாட்கள் கல்லைக் கட்டி முத்துப்பார்களில் இறங்கினார்கள். 1961-க்குப் பின் அந்தத் தொழில் நின்றுபோனாலும், ஸ்கூபா பயணத்துக்கும் அதே கணக்குத்தான்.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியின்றி அங்கே செல்ல முடியாது. எனவே பவளப்பாறை தேடுவோர் வேறு கடல்களைப் பார்க்க வேண்டும். அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்கு டிசம்பர் முதல் ஏப்ரல் வரை ஏற்ற காலம். லட்சத்தீவுக்கும் மழைக்காலம் ஆகாது. நுழைவு அனுமதியும் முன்கூட்டியே பெற வேண்டும். இலங்கையில் கரைக்குக் கரை பருவம் மாறும்: மேற்கே ஹிக்கடுவைக்கு நவம்பர் முதல் ஏப்ரல், கிழக்கே திருகோணமலையின் புறாத்தீவுக்கு மே முதல் செப்டம்பர்.

புதியவர்கள் பயிற்றுநருடன் 12 மீட்டர் ஆழத்துக்குள் நிற்பது நல்லது. அடிப்படைச் சான்றிதழ் பெற்றவர்களுக்கு எல்லை 18 மீட்டர். சளி, காதடைப்பு இருந்தால் நீரில் இறங்கக் கூடாது. கடைசியாக மூழ்கி எழுந்த பின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. பயணச்சீட்டை அதற்கேற்பப் பதிவு செய்யுங்கள்.