எது கீழ் என்று லேப்டாப்புக்கு எப்படித் தெரியும்?

திரையைப் பின்னால் முழுவதும் மடித்தால் லேப்டாப் டேப்லெட்டாக மாறுகிறது. கீபோர்டு தானாகச் செயலிழக்கிறது. நிமிர்த்தினால் மறுபடி உயிர்பெறுகிறது. 2012இல் லெனோவோவின் யோகா வரிசை பிரபலமாக்கிய இந்த 360 பாகைக் கீல் இன்று பல கம்பெனி லேப்டாப்களில் இருக்கிறது. நிமிர்த்திய பிறகும் கீபோர்டு எழவில்லை, தொட்டால் திரை அசையவில்லை என்றால் அஞ்செட்டியில் இருப்பவர் பழுதுபார்க்கத் தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூருக்கு பஸ் ஏற வேண்டியிருக்கும். ஏறுமுன், தான் மடிந்திருப்பதை அந்த இயந்திரம் எப்படி உணர்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. பல கோளாறுகள் அதிலேயே பிடிபட்டுவிடும்.

பல மாடல்களில் கீலின் கோணத்தை அளக்கும் கருவி கீலிலேயே இல்லை! திரைப் பக்கம் ஒன்று, கீபோர்டுப் பக்கம் ஒன்று என இரண்டு முடுக்கமானிகள் இருக்கின்றன. அசைவையும் சாய்வையும் உணரும் சில்லுகள் இவை. அளவு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். உள்ளே, சிலிக்கான் வில்களில் ஒரு நுண்ணிய சிலிக்கான் எடை தொங்குகிறது. புவியீர்ப்பு அதை இழுக்க, பக்கத்துத் தகட்டுக்கும் அதற்குமான இடைவெளி இம்மியளவு மாறுகிறது. அதனால் அவற்றுக்கிடையிலான மின்தேக்கமும், அதாவது மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் திறனும், மாறுகிறது. இதை வைத்து ஒவ்வொரு சில்லும் தன் பார்வையில் எந்தத் திசை ‘கீழ்’ என்று சொல்கிறது. இரண்டு பதில்களும் எவ்வளவு மாறுபடுகின்றன என்று பார்த்து லேப்டாப் கோணத்தைக் கணக்கிடுகிறது.

இந்த அழகான ஏற்பாட்டில் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. லேப்டாப்பை விரித்த புத்தகம்போல் செங்குத்தாக நிறுத்தினால் கீல் புவியீர்ப்பின் கோட்டிலேயே நிற்கும். அப்போது திரையை எவ்வளவு திருப்பினாலும் ‘கீழ்’ மாறாது. கோணத்தைக் கணிக்கவே முடியாது. மலைச்சாலையில் வளைந்து குலுங்கும் பஸ்ஸிலும் கணக்கு குழம்பலாம், குலுக்கலும் புவியீர்ப்போடு சேர்ந்துவிடுவதால். கீபோர்டு எழாவிட்டால் சமதளமான மேசையில் வைத்து, திரையை மெதுவாக ஒருமுறை மடித்து நிமிர்த்துங்கள். மூடியதை அறிய லேப்டாப்பில் ஒரு காந்தமும், காந்தத்தை உணரும் ஹால் சென்சாரும் தனியாக உண்டு. காந்தம் வைத்த போன் கவர் அருகில் கிடந்தால் திறந்திருக்கும்போதே திரை அணைந்துவிடலாம்.

தொடுதிரையிலும் இதே மின்தேக்கம்தான் வேலை செய்கிறது. கண்ணாடிக்கடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. பெரும்பாலும் இண்டியம் டின் ஆக்சைடு பூச்சு. தடிமன் தலைமுடியில் ஐந்நூறில் ஒரு பங்கு அளவுக்குத்தான். விரல் நெருங்கும் சந்திப்பில் மின்தேக்கம் சற்றே குறையும். குறைவது ஒரு பிகோஃபாரடின் சிறு பின்னம்; ஒரு பிகோஃபாரட் என்பதே மின்தேக்கத்தின் அலகான ஃபாரடில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. எல்லாச் சந்திப்புகளையும் நொடிக்குப் பல பத்து முறை சுற்றிவந்து, அந்தக் குறைவு எங்கே என்று சில்லு தேடுகிறது. விரல் தொட்டால் அறியும் மின்தேக்கத் திரையை இங்கிலாந்தின் மால்வெர்னில், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்காக, இ.ஏ. ஜான்சன் 1965இல் முன்மொழிந்தார்.

இவ்வளவு நுண்ணிய அளவை சுலபமாகக் குழம்பும். கேழ்வரகு அறுத்துக் காய்த்துப்போன விரலைத் திரை கண்டுகொள்ளாமல் போகலாம், தடித்து உலர்ந்த தோல் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. லேசான ஈரத்தில் துடைத்த விரலோ விரலின் பக்கவாட்டோ பலன் தரும். ஆனால் திரையில் நீர்த்துளி நின்றால் அதையே விரலென்று எண்ணிவிடும். தொடாத இடத்திலும் தொட்டதுபோல் செயலிகள் தானாகத் திறந்து மூடினால் முதலில் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். தரம் குறைந்த சார்ஜர் மின்னிரைச்சலைக் கிளப்பும். எர்த் இல்லாத இணைப்பில் அது லேப்டாப்புக்குள் புகுந்து, நம் உடல் வழியே தரைக்கு வழி தேடும். சில்லுக்கு அதுவும் தொடுகையாகவே படும். பேட்டரியில் ஒழுங்காக ஓடினால் திரை நலம். பார்க்க வேண்டியது சார்ஜரையும், சுவிட்ச் போர்டில் எர்த் கம்பி உண்மையில் வருகிறதா என்பதையும்.

தொடுகையே இல்லையென்றால் ஷட் டவுன் செய்யாமல் ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இயங்கினால், ஷட் டவுன் செய்தாலும் அமைப்பின் உட்கரு நிலை சேமிக்கப்பட்டு, பழைய குழப்பத்தோடே திரும்பிவரும். ரீஸ்டார்ட்தான் புதிதாகத் தொடங்கும். அதற்கும் அசையாவிட்டால் டிவைஸ் மேனேஜரில் டச் ஸ்கிரீனை டிசேபிள் செய்து மறுபடி எனேபிள் செய்யலாம். விண்டோஸ் 10இல் டேப்லெட் மோடுக்கு ஒரு பொத்தான் இருந்தது. 11இல் அது இல்லை, எல்லாம் சென்சார் சொல்வதுதான்.

சில மாடல்களில் பயோஸ் திரையும், அதாவது விண்டோஸ் ஏறுமுன் வரும் அமைப்புத் திரையும், தொடுதலுக்கு இணங்கும். அங்கே வேலை செய்து விண்டோஸில் செய்யாவிட்டால் பழுது மென்பொருளில். அங்கேயும் செத்துக் கிடந்தால் கீல் வழியாகச் செல்லும் மெல்லிய கேபிளைச் சந்தேகிக்கலாம். ஒவ்வொரு மடிப்பிலும் அதுவும் வளைகிறது. திரையை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வைத்தால் மட்டும் தொடுதல் திரும்புகிறதா என்று சோதியுங்கள். பெரும்பாலான மாடல்களில் தொடுகண்ணாடி திரையோடு ஒட்டப்பட்டிருப்பதால் கடையில் மொத்தத் திரையையும் மாற்றச் சொல்லக்கூடும். சம்மதிக்குமுன் கேபிளைக் கழற்றி மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.