மிருத்யுஞ்சய மந்திரத்தின் உட்பொருள்

நோயுற்றார் நலம்பெற வேண்டித் தியானத்திற் செபிக்கப்படும் மந்திரங்களுள் மிருத்யுஞ்சயம் தலையாயது. இருக்கு வேதத்து 7ஆம் மண்டலத்தின் 59ஆம் சூக்தத்துக்கு இறுதியாக அமைந்தது இது. வசிட்ட முனிவர்க்கு உரியதென்பது மரபு. யசுர் வேதத்திலும் இடம்பெறுகின்றது.

மரணத்தை வெல்வது எனப் பெயர் பெற்றமையால், சாவே அணுகாதிருக்க வரங்கேட்பது இம்மந்திரமெனப் பலர் கருதுவர். சொற்களை நோக்கின் வேறு பொருள் புலனாகும். அது முக்கண்ணனை முதலில் 'புஷ்டிவர்த்தனம்' எனப் போற்றுகின்றது. ஊட்டத்தை வளர்ப்பவன் என்பது அதன் பொருள். பின்னர், வெள்ளரிப்பழம் காம்பின் கட்டினின்றும் விடுபடுதல்போல மரணத்தினின்றும் விடுபடவும், அமிர்தத்தினின்றும் நீங்காதிருக்கவும் வேண்டுகின்றது.

காயைப் பறித்தாற் காம்பு கிழியும். முற்றப் பழுத்ததோ தானே கழலும். முன்னர் ஊட்டம், பின்னர் முதிர்ச்சி, அதன்பின் நோவற்ற விடுதலை என்பதே இவ்வுவமை காட்டும் முறை. செபிப்போன் இதனை உள்ளத்தில் நிறுத்தித் தியானிப்பானாயின் அச்சம் தளரும்.

உடலுக்கு மருந்தும் வைத்தியரும் வேண்டும். மந்திரம் அவற்றை விலக்கவில்லை. தந்தையின் படுக்கையருகே இருந்து இதனை ஓதும் மகன், நோய் தீராதவிடத்து, மந்திரம் பொய்த்ததென மனங்கசத்தல் வேண்டா. அவன் வேண்டியது, அமைதியாகக் கழலும் அந்தக் கனிவையுந்தான்.